கைம்முதல்

தொழில் புரிவார்க்கு அறிவும் உழைப்பும் எத்துணை இன்றியமையாதனவோ, அத்துணை இன்றியமையாதது முதல். விதையின்றி விளைச்சல் இல்லை. முதலின்றி ஊதியம் இல்லை. உழைக்கும் மகளிர் பலரிடம் திறமை உண்டு, முயற்சி உண்டு, கைம்முதல் ஒன்றே இல்லை. அக்குறை அவர்களை எங்ஙனம் வருத்துகிறது என்பதையும், அதனை நீக்க அவர்கள் எங்ஙனம் ஒன்றுகூடினர் என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

சென்னைக்குத் தெற்கே, பல்லாவரத்தை அடுத்து அமைந்த ஊர் பம்மல். நாடகப் பேராசிரியர் சம்பந்த முதலியாரின் பெயரோடு இணைந்து புகழ் பெற்ற ஊர் இது. 2021ஆம் ஆண்டில் இது தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதியாயிற்று. இவ்வூர்க் கடைத்தெருவில் பூ விற்கும் ஒருத்தியை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். விடியுமுன் அவள் எழுகிறாள். சந்தையில் பூ வாங்கப் பணம் வேண்டும். அந்நேரத்தில் வங்கி திறந்திராது, திறந்திருப்பினும், ஈடு காட்ட அவள் பெயரில் வீடும் இல்லை, நிலமும் இல்லை. ஆதலின் வட்டிக்காரரை நாடுகிறாள். காலையில் 900 ரூபாய் பெற்று, மாலையில் 1,000 ரூபாயாகத் திருப்பித் தருகிறாள்.

“நூறு ரூபாய்தானே!” என்று நினைத்தல் கூடாது. ஆண்டில் 300 நாள் அவள் இவ்வாறு கடன் பெற்றால், வட்டியாக மட்டும் 30,000 ரூபாய் செலுத்துவாள். அவள் கையாளும் முதலோ என்றும் அந்த 900 ரூபாயே! ஒன்பது நாள் வட்டியைத் தனக்கென ஒதுக்கிவைக்க இயலுமாயின், பத்தாம் நாள் அவளுக்குக் கடனே வேண்டா. ஆயினும், வட்டி போக எஞ்சுவது அன்றைய அரிசிக்கும் பருப்புக்குமே சரியாகிறது. பிறகு எதனை ஒதுக்குவது? இதுவே ஏழையின் கடன் விலங்கு. நாள் வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலியவற்றைத் தமிழ்நாட்டு அரசு 2003ஆம் ஆண்டில் சட்டத்தால் தடை செய்தது. சட்டம் கொடுமையைத் தடுக்கலாம். ஆனால், மறுநாள் பூ வாங்கப் பணம் தராது. அதற்கு வேறு வழி வேண்டும் அன்றோ?

1969ஆம் ஆண்டில் நம் நாட்டின் பெரிய வங்கிகள் பதினான்கு அரசுடைமையாயின. எளியோர்க்கு நூற்றுக்கு நான்கு வீத வட்டியில் கடன் தரும் திட்டமும் 1972இல் தோன்றியது. எனினும், ஈடும் பிணையும் கையெழுத்தும் கேட்ட வங்கியின் வாயிலை, எழுத்தறியாத மகளிர் எளிதில் கடக்க இயலவில்லை.

குசராத்து மாநிலத்து அகமதாபாத்தில் உழைக்கும் மகளிர் 4,000 பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்குத் தொகை செலுத்தி, 1974ஆம் ஆண்டில் தமக்கென ஒரு கூட்டுறவு வங்கியைத் தொடங்கினர். ‘சேவா’ என்னும் சங்கத்தை அமைத்த இலா பட் அம்மையார் அவர்களுக்கு வழிகாட்டினார். கையெழுத்திடத் தெரியாதவர் வங்கி நடத்துவது எங்ஙனம் என்ற தடை எழுந்தது. வங்கியை அமைக்க முன்வந்த மகளிர் இரவெல்லாம் கண்விழித்துத் தம் பெயரை எழுதக் கற்றனர். எழுத்தறியாத உறுப்பினர்க்குக் கணக்குப் புத்தகத்தில் ஒட்டிய நிழற்படமே அடையாளமாயிற்று.

சென்னையிலும் இம்முயற்சி தோன்றிற்று. செயா அருணாசலம் அம்மையார் 1978ஆம் ஆண்டில் உழைக்கும் பெண்கள் சங்கத்தை நிறுவினார். காய்கறி விற்போரும் இட்டிலி சுட்டு விற்போரும் அண்டை அயலாருடன் குழுவாகச் சேர்ந்து, ஒருவர்க்கொருவர் பிணையாகி வங்கிக் கடன் பெற்றனர். வங்கியின் நடைமுறைகள் காலத்தை நீட்டியமையால், 1981இல் அவர்கள் தமக்கெனக் கூட்டுறவுச் சங்கமே அமைத்துக்கொண்டனர்.

பின்னர், 1989ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்தில் அரசின் துணையோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள் தோன்றின. இத்தகைய குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தை 1992இல் நபார்டு வங்கி 500 குழுக்களை இலக்காகக் கொண்டு தொடங்கியது. குழுவின் நடைமுறை எளியது. பன்னிரண்டு முதல் இருபது பேர் வரை ஒன்றுசேர்வர், தவறாது கூடுவர், இயன்ற சிறு தொகையைச் சேமிப்பர், அதிலிருந்தே தமக்குள் கடன் கொடுத்துத் திரும்பப் பெறுவர், வரவு செலவைப் பேரேட்டில் எழுதுவர். சில திங்கள் இவ்வொழுங்கு நிலைத்தால், அதனையே சான்றாகக் கொண்டு வங்கி குழுவுக்குக் கடன் தரும். பொன்னும் நிலமும் ஈடாக இருந்த இடத்தில் நாணயம் ஈடாகிறது!

எனினும், ஒன்றை மறத்தலாகாது. கடன் நெருப்பைப் போன்றது. அடுப்பில் இருந்தால் சோறாக்கும். கூரையில் பற்றினால் குடியைக் கெடுக்கும். தொழிலுக்கெனப் பெற்ற பணத்தை ஆடம்பரத்தில் செலவிடுவதும், ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் வாங்குவதும் பழைய விலங்கையே மீண்டும் பூட்டும். கடனை வலுக்கட்டாயமாக வசூலிப்பதைத் தடுக்க, 2025ஆம் ஆண்டிலும் நம் மாநிலத்தில் ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

ஒன்றுபட்ட மகளிர் செய்யவல்லது யாது என்பதைப் பம்மலே காட்டியுள்ளது. 1994ஆம் ஆண்டில் அவ்வூர்ச் சங்கர நகர் மகளிர் சிலர் மன்றம் அமைத்தனர். வீடுதோறும் குப்பை சேகரிக்கச் செய்தனர். அதிலிருந்து மண்புழு உரம் ஆக்கினர். பிறர் எறிந்ததையே பயனாக்கிய அவர்கள் திறம் போற்றத்தக்கது. இத்தகைய திறத்திற்கு முதலும் சேர்ந்தால், வளராத தொழில் உண்டோ?

மாணவர்களே! சிறு துளி பெருவெள்ளம் என்பது நீங்கள் அறிந்த பழமொழி. துளிகள் சிதறினால் மண்ணில் மறையும். சேர்ந்தால் ஏரி நிறையும். உங்கள் தெருவில் கூடை சுமந்து வரும் அன்னையைக் காணும்போது, அவர் கூடையின் விலையை மட்டும் கேளாதீர். அதில் வட்டியாகக் கரைவது எவ்வளவு என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. பூ விற்பவள் கடன் விலங்கிலிருந்து விடுபட இயலாமைக்குக் காரணம் யாது?
2. அகமதாபாத்து மகளிர் தமக்கு நேர்ந்த தடையை எவ்வாறு வென்றனர்?
3. ‘நாணயம் ஈடாகிறது’ என்பதன் பொருளை விளக்குக.