கசிவு எந்தப் பக்கம்?

மூன்று மாதங்களாக என் காரின் முகப்புப் பலகையில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பழைய கார் வாங்கிய ஆசிரியர்கள் பலருக்கு இந்தப் படம் பழக்கப்பட்டிருக்கும். வண்டி ஓடத்தான் செய்தது. சிக்னலில் நிற்கும்போது மட்டும் குளிரில் நிற்கும் ஆள் மாதிரி நடுங்கும்.

முதலில் போன பட்டறையில் கருவியைச் செருகிப் பார்த்து, புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள். விளக்கு அணைந்தது. ஐயாயிரத்துக்கு மேல் செலவழித்த நிம்மதி நான்கு நாள் நீடித்தது. ஐந்தாம் நாள் ஓட்டப்பிடாரம் சாலையில் போகும்போது மறுபடி எரிந்தது. கருவியால் குறியீட்டை அழித்தாலே விளக்கு அணைந்துவிடும், பழுது அப்படியேதான் இருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பிறகு கோவில்பட்டியில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் கருவியில் வந்த குறியீடு பி0171. காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையில் பெட்ரோலின் பங்கு குறைவு என்று அதற்குப் பொருள்.

“அப்ப பெட்ரோல் பம்பு போயிருச்சா அண்ணாச்சி?”

“அவசரப்படாதீங்க சார். இது காய்ச்சல் அடிக்குதுன்னு மட்டும்தான் சொல்லுது. எதனால அடிக்குதுன்னு நாமதான் பாக்கணும்.”

அவர் பார்த்த விதத்தைத்தான் வகுப்பறைக்குக் கொண்டுவர விரும்பினேன்.

கலவை சரியாக இருக்க, கணினி தன் கணக்குக்கு மேல் எத்தனை விழுக்காடு பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிறது என்பதைக் கருவி காட்டும். வண்டி நின்றபடி ஓடும்போது அது 24 என்று காட்டியது. ஆக்சிலேட்டரை மிதித்து எஞ்சினை நிமிடத்துக்கு 2500 சுற்றுக்குக் கொண்டுபோனதும் 6 ஆகக் குறைந்தது. பம்பு பலவீனமாக இருந்தால் பெட்ரோல் அதிகம் தேவைப்படும் வேகத்தில்தான் குறை கூடியிருக்க வேண்டும். இங்கே நேர்மாறாக இருந்தது. ஆகவே கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ உள்ளே புகுகிறது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது இழுக்கும் காற்றே கொஞ்சம்தான். அதனால் சிறு விரிசல் வழியாக வரும் காற்றும் அதில் பெரும் பங்காகிவிடும்.

எந்த விரிசல்? நிறுத்திய வண்டியின் டேங்கிலும் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். நம் கரிசல் காட்டு வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி வெளியே போனால் நைட்ரஜன் ஆக்சைடுகளோடும் சூரிய ஒளியோடும் சேர்ந்து தரைமட்ட ஓசோனை உண்டாக்கும். இதை 1950களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் புகைமூட்டத்தை ஆராய்ந்து காட்டியவர் ஹாகன்-ஸ்மிட். அதற்கு முன் அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த வேதியியலாளர் அவர்! 1970இல் கலிஃபோர்னியாவிலும் அடுத்த ஆண்டு அமெரிக்கா முழுவதும் புதிய கார்களில் ஆவியைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு கட்டாயமானது. நம் கார்களிலும் அது உண்டு. ஆவி முதலில் செயலூட்டப்பட்ட கரி நிரப்பிய டப்பாவுக்குப் போகும். பரப்புக் கவர்தல் நடத்தும்போது இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. எஞ்சின் சூடானதும் கணினி ஒரு மின்வால்வைத் திறக்கும். கரியில் ஒட்டியிருந்த ஆவி ரப்பர் ஓஸ் வழியாக எஞ்சினுக்குள் போய் எரியும்.

மெக்கானிக் எஞ்சினை ஓடவிட்டு, டப்பாவிலிருந்து வால்வுக்கு வரும் ஓஸைக் குறடால் மெதுவாக அழுத்தி அடைத்தார். மாற்றமில்லை. அடுத்து, வால்விலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஓஸை எஞ்சின் பக்கத்து முனையில் அழுத்தினார். நடுக்கம் நின்றது. எண்ணும் இறங்கத் தொடங்கியது. ஆக, பழுது அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் இருக்கிறது. எஞ்சினை நிறுத்தி வால்வைக் கழற்றி ஊதினார். காற்று போகவில்லை, வால்வு ஒழுங்காக மூடியிருந்தது. மிச்சம் ஓஸ்தான். அதன் வளைவில், அடிப்பக்கத்தில், நகத்தளவு வெடிப்பு. மாற்ற ஆன செலவு சில நூறு ரூபாய். வெடித்த ஓஸைக் கேட்டு வாங்கி வந்தேன்.

மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் அதைக் காட்டி நடந்ததைச் சொன்னதும் ஒரு மாணவன் கேட்டான்: “ஆவி கசிஞ்சா பெட்ரோல் வாடை அடிச்சிருக்கணுமே சார்?” நல்ல கேள்வி. கசிவு என்றாலே உள்ளிருப்பது வெளியே போவது என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த இடத்தில் குழாய்க்குள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடக் குறைவு. ஆகவே ஆவி வெளியேறவில்லை, வெளிக்காற்றுதான் உள்ளே போயிருக்கிறது. எட்டாம் வகுப்பில் படித்த காற்றழுத்தத்தை இப்படித் திரும்பத் தொட முடிந்தது.

பிறகு ஒரு செயல்பாடு. பெட்ரோலை வகுப்பறைக்குக் கொண்டுபோகவே கூடாது, அது தேவையும் இல்லை. 20 மி.லி. சிரிஞ்சு, மீன் தொட்டிக்குக் காற்று செலுத்தும் பிளாஸ்டிக் குழாய் 80 செ.மீ. போதும். குழாயின் ஒரு முனையைச் சிரிஞ்சில் செருகி, மறுமுனையை மடித்துக் கட்டிவிட வேண்டும். பிஸ்டனை இழுத்து விட்டால் அது பின்வாங்கும். குழாயில் எங்காவது ஓரிடத்தில் சாக்கு ஊசியால் துளையிட்டால் பின்வாங்காது. குழாயில் எட்டுச் சம பாகங்களைக் குறித்து, துளை எந்தப் பாகத்தில் என்று கண்ணால் தேடாமல் கண்டுபிடிக்கச் சொன்னேன். குழாயை எங்கு வேண்டுமானாலும் மடித்து அடைக்கலாம். அடைத்தபின் பிஸ்டன் பின்வாங்கினால் துளை அடைப்புக்கு அப்பால், இல்லாவிட்டால் இப்பால்.

பெரும்பாலான குழுக்கள் ஒரு முனையிலிருந்து வரிசையாக அடைத்துக்கொண்டே போயின. ஒரு குழு மட்டும் நேராக நடுவில் மடித்தது. மூன்றே முறையில் விடை வந்தது. அந்தக் குழுவில் இருந்த மாணவியின் வீட்டில், எங்கள் ஊரின் பல வீடுகளைப் போல, ஆயத்த ஆடை தைக்கிறார்கள். “தைக்கும்போது நூல் அறுந்தா எடுத்ததும் ஊசிய மாத்த மாட்டோம் சார். மொதல்ல நூலக் கழட்டித் திரும்பக் கோத்துப் பாப்போம். அதுக்கப்புறம்தான் ஊசி, டென்ஷன் எல்லாம். ஒண்ணொண்ணாத்தான் மாத்தணும். எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்திட்டா எதனால அறுந்துச்சுன்னு தெரியாமலே போயிரும்” என்றாள். நான் கோவில்பட்டி வரை போய்க் கற்றது அவள் வீட்டுத் திண்ணையிலேயே இருந்திருக்கிறது.

அன்று மாலை ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தேன். ஒரு பையனுக்கு வகுத்தல் வரவில்லை. வாய்ப்பாடு தெரியாததுதான் காரணம் என்று முடிவுகட்டி, இரண்டு வாரங்களாகத் தினமும் ஆறாம், ஏழாம் வாய்ப்பாடுகளை எழுத வைத்திருந்தேன். அவன் தவறாகப் போட்ட கணக்குகளை மட்டும் வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தேன். 618ஐ 6ஆல் வகுத்து 13 என்று எழுதியிருந்தான். 721ஐ 7ஆல் வகுத்தும் 13. 936ஐ 4ஆல் வகுத்ததோ சரியாக 234.

மறுநாள் அவனை அழைத்து வாய்ப்பாடு கேட்டேன். தடுமாறாமல் சொன்னான். “618ல அடுத்த 1 ஆறுக்குள்ள அடங்கலயே, அப்ப மேல என்னப்பா எழுதுவ?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் எழுத வேண்டாம்ல சார், அதான் போகலையே” என்றான்.

சுழியம் எழுத வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. அந்த ‘யாரும்’ என்பதில் நானும் சேர்த்திதான். நூறு, பத்து, ஒன்று என்று மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஏதாவது ஓர் எண் இருக்க வேண்டும் என்று காட்டினேன். 824ஐ 8ஆல் வகுக்கச் சொன்னேன். நடுக்கட்டத்தில் பென்சிலை வைத்துச் சற்று யோசித்தான். பிறகு சுழியத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்து, “இனிமே வாய்ப்பாடு எழுத வேண்டாமா சார்?” என்று கேட்டான்.