இறக்கிப் பேச ஓர் ஆள்

கேள்வி: ராயபுரம் கல்மண்டபத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். வேலை ஓ.எம்.ஆர் அலுவலகம் ஒன்றில். அங்கே "ராயபுரமா? ரவுடி ஏரியாவாச்சே" என்று சிரிப்பார்கள். என் பேச்சை அப்படியே பேசிக் காட்டுவார்கள். கூசிப்போவேன். ஆனால் எங்கள் தெருவுக்குக் குடிவந்த பீகார் பையன்களை "வடக்கன்" என்று நானே நக்கலடித்தபோது உள்ளுக்குள் இதமாக இருந்தது. ஏன் சார் இப்படி?
- வாசகர், கல்மண்டபம்

மனநல ஆலோசகரின் பதில்: அந்த இதத்தை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. பெரும்பாலோர் பட்ட அவமானத்தை மட்டும்தான் சொல்வார்கள். ஆனால் அந்த இதம் உங்களுக்கு மட்டும் வருவதில்லை.

1970 வாக்கில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் பள்ளிப் பையன்களை அற்பக் காரணம் சொல்லி இரண்டு குழுவாகப் பிரித்தார். எந்த ஓவியம் பிடித்திருக்கிறது என்பது ஒரு காரணம். தன்னைத் தவிர வேறு யார் எந்தக் குழு என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. பணத்தைப் பங்கிடச் சொன்னபோது, தங்கள் குழுவுக்குக் குறைந்தாலும் சரி, எதிர்க்குழுவுக்கு அதைவிடக் குறையட்டும் என்றே பலர் பங்கிட்டார்கள்.

நம் வடசென்னை இந்த மனப்போக்குக்குக் கொடுத்த விலை பெரிது. 1918-இல் பெரம்பூரில் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டார்கள். ஒரே ஆலை, ஒரே பஞ்சுத் தூசி. ஆனால் 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் சேரவில்லை. அன்றாடம் தீண்டாமையைச் சுமந்தவர்கள் அந்தச் சங்கத்தைத் தங்களுடையதாக எப்படி நினைத்திருப்பார்கள்? புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின. வேலைநிறுத்தம் தோற்றது. கூடுதல் கூலியை இழந்தாலும் சாதி இந்துத் தொழிலாளர்கள் சாதி இடைவெளியை மட்டும் விடவில்லை.

அம்பேத்கர் இதைப் படிநிலைச் சமத்துவமின்மை என்றார். கடைசிப் படியில் இருப்பவரைத் தவிர எல்லோருக்கும் கீழே ஒருவர் இருக்கிறார். அதனால் ஏணியையே உடைக்க அவர்களில் யாருக்கும் முழு மனம் வருவதில்லை. ஓ.எம்.ஆரில் உங்களை இறக்கினார்கள். நீங்கள் தெருவுக்கு வந்து இறக்க ஓர் ஆளைத் தேடினீர்கள். ஒப்பிட்டுப் பார்ப்பது மனித இயல்புதான். யாரைக் கீழே வைப்பது என்பதை மட்டும் ஊர்தான் கற்றுத்தருகிறது. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது ராயபுரத்திலிருந்து. அந்தப் பெயரைக் கேட்டுச் சிரிப்பது பிற்பாடு கற்ற பழக்கம்.

அந்தப் பையன்களோடு ஒரு டீ குடியுங்கள். என்ன வேலை, என்ன கூலி என்று விசாரியுங்கள். அவர்களுக்குக் கூலி குறைந்தால், அதே வேலை பார்க்கும் உங்கள் தெருக்காரரின் கூலியும் இறங்கலாம்.

அலுவலகத்தில் இனிமேல் யாராவது ஏரியாவைக் கேட்டால், "நாங்க மெயின் ரோடு பக்கம், குப்பம் அந்தாண்ட" என்று தப்பிக்காதீர்கள். அதில் காசிமேட்டு மீனவரைக் கீழே தள்ளித்தான் நீங்கள் ஏறுகிறீர்கள். ராயபுரம் என்று மட்டும் சொல்லுங்கள். சிரித்தால், எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டு, அவர்களைப் பதில் சொல்ல விடுங்கள்.