அடைக்கலம் தந்த அயலார் – இந்திய விடுதலையும் ஜப்பானிய நண்பர்களும்

முன்னுரை

கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதியை இளங்கோவடிகள் அடைக்கலக் காதையாக அமைத்தார். ஏற்ற அடைக்கலத்தைக் காக்க இயலாத துயரால் மாதரி தீயில் மாய்ந்ததையும் அக்காப்பியமே கூறுகிறது. புகலிடம் தருவது எத்துணைப் பெரும்பொறுப்பு என்பதைத் தமிழர் நன்குணர்ந்திருந்தனர். இந்திய விடுதலை வரலாற்றில் இவ்வறத்தை மேற்கொண்ட ஜப்பானியர் சிலரைப் பற்றி நம் மாணவர் அறிந்தது சிறிதே. அவர்தம் பணியையும் அதன் பின்னிருந்த நோக்கங்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மௌலவி பரக்கத்துல்லா

போபாலில் பிறந்த மௌலவி பரக்கத்துல்லா 1909ஆம் ஆண்டு டோக்கியோ அயல்மொழிப் பள்ளியில் உருது ஆசிரியராகப் பொறுப்பேற்றார். 'இஸ்லாமிய சகோதரத்துவம்' என்று பொருள்படும் பெயரில் ஆங்கில இதழ் ஒன்றையும் நடத்தினார். ஹத்தானோ என்னும் ஜப்பானியர் அவர்வழி இஸ்லாத்தைத் தழுவி, இதழ்ப்பணியிலும் துணைநின்றார். 1902 முதல் பிரிட்டனும் ஜப்பானும் உடன்படிக்கை நாடுகள். ஆதலின் பிரிட்டனின் வற்புறுத்தலால் 1912இல் இதழ் தடை செய்யப்பட்டது. 1914இல் பணியும் பறிபோயிற்று. எனினும் மௌலவி சோர்ந்தாரல்லர். 1915 டிசம்பரில் காபூலில் அமைந்த இந்தியத் தற்காலிக அரசுக்கு அவரே தலைமையமைச்சரானார்.

ரொட்டிக் கடையில் ஒரு புரட்சியாளர்

1912இல் டெல்லியில் வைசிராய் ஹார்டிஞ்சு மீது குண்டு வீசப்பட்ட வழக்கில் தேடப்பட்டவர் ராஷ் பிகாரி போஸ். 1915 பிப்ரவரியில் திட்டமிட்ட படைவீரர் எழுச்சியும் முறியடிக்கப்படவே, அவர் தாகூர் என்னும் குடும்பப் பெயரைப் புனைந்து கப்பலேறி, அவ்வாண்டு ஜூன் மாதம் ஜப்பானை அடைந்தார். நவம்பர் இறுதியில், ஐந்து நாட்களுக்குள் நாட்டை விட்டு வெளியேறுமாறு அவருக்கும் ஹேரம்பலால் குப்தாவுக்கும் ஆணை பிறந்தது. வெளியேறின் பிரிட்டிஷார் கையில் சிக்குவதும் தூக்குமேடை ஏறுவதும் உறுதி.

அந்நிலையில் தோயாமா மிட்சுரு என்னும் செல்வாக்கு மிக்க தலைவரின் இல்லத்திற்குள் முன்வாயில் வழியாகச் சென்ற இருவரும், காவலர் அறியாவண்ணம் பின்வழியே வெளியேற்றப்பட்டனர். அவர்கள் சேர்ந்த இடம் ஷின்ஜுகுவில் இருந்த 'நாகமுராயா' ரொட்டிக் கடை. அதன் உரிமையாளர் சோமா ஐசோவும் அவர்தம் துணைவியார் கொக்கோவும் கடையின் பின்புறத்து ஓவியக்கூடத்தில் அவர்களை ஒளித்து வைத்தனர். கடைப் பணியாளரும் வாய் திறந்திலர். அரசாணையை மீறினால் கடையும் வாழ்வும் அழியும் என்பதை அவ்வணிகர் அறியாதவரல்லர். அறிந்தே செய்தனர் என்பதே நாம் ஈண்டு எண்ணத்தக்கது.

1916இல் ஆணை கைவிடப்பட்டது. ஒற்றர் தொல்லையோ நீங்கவில்லை. தோயாமாவின் ஆலோசனைப்படி சோமா இணையரின் மகள் தோஷிகோ 1918இல் போஸை மணந்து, அவரோடு மறைவிடந்தோறும் அலைந்தார். இரு மக்களைப் பெற்ற அவ்வம்மையார் 1925இல் இளமையிலேயே மறைந்தார். 1927 முதல் நாகமுராயாவில் போஸ் கற்றுத்தந்த இந்தியக் கறியுணவு விற்கப்படலாயிற்று. அப்பண்டம் இன்றும் அங்குப் புகழுடன் விளங்குகிறது.

நட்பும் நோக்கமும்

எல்லா ஆதரவும் ஒரே தன்மையதன்று. தோயாமா ஆசிய ஒற்றுமை பேசியவர். ஆயினும் அவர் சார்ந்த இயக்கத்தினர் கொரியாவை ஜப்பான் விழுங்குவதற்குத் துணைபோயினர். 1910இல் கொரியா தன் விடுதலையை இழந்தது. இந்தியரின் அடிமைத்தளைக்கு இரங்கியோர் கொரியரின் அடிமைத்தளையைக் காணாதது ஏன்? இவ்வினாவைத் தவிர்த்தல் நேர்மையாகாது.

இதன் விளைவைத் தமிழரும் நேரில் கண்டனர். சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டத் தொழிலாளரை அறிந்த நம் பகுதி மாணவர்க்கு மலேயா இரப்பர்த் தோட்டத் தமிழரின் வாழ்வு எளிதில் விளங்கும். 1942இல் ராஷ் பிகாரி போஸின் தலைமை பெற்ற இந்திய விடுதலைக் கழகத்தை, 1943 ஜூலை 4ஆம் நாள் சிங்கப்பூரில் அவரிடமிருந்து நேதாஜி ஏற்றார். அத்தோட்டங்களிலிருந்து ஆடவரும் பெண்டிரும் திரண்டு இந்திய தேசியப் படையில் சேர்ந்தனர். அதே காலத்தில், அதே தோட்டங்களிலிருந்து ஜப்பானியப் படையினரால் கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் சயாம் – பர்மா இரயில் பாதைப் பணியில் நோயாலும் பசியாலும் மாண்டனர். ஒரு கை விடுதலைக்கொடியைத் தந்தது. மறுகை மண்வெட்டியைத் தந்து உயிரைப் பறித்தது.

முடிவுரை

ராஷ் பிகாரி போஸ் தாயகம் காணாமலே 1945 ஜனவரி 21ஆம் நாள் டோக்கியோவில் மறைந்தார். நாம் அறிய வேண்டுவன இரண்டு. பேரரசுகள் தரும் ஆதரவுக்கு விலை உண்டு. அவ்விலையைப் பெரும்பாலும் எளியோரே செலுத்துகின்றனர். ஆயின் வாயிலில் வந்து நின்ற அயலானைத் தம் வாழ்வையே பணயம் வைத்துக் காத்த ரொட்டிக் கடைக் குடும்பத்தின் செயல் அக்கணக்கில் அடங்காது. அரசின் நோக்கத்தை ஆராய்ந்து மதிப்பிடுதலும், தனிமனிதர் செய்த நன்றியை மறவாமையும் ஒன்றோடொன்று முரண்பட்டன அல்ல. இவ்விரண்டையும் ஒருங்கே போற்றுவதே வரலாறு பயிலும் மாணவர்க்கு அழகு.