பழைய மேக்ரோ லென்ஸ்: வளையத்தை விடுங்கள், உடம்பை நகர்த்துங்கள்

பழைய மேக்ரோ லென்ஸ் வாங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். செடிக்குப் பக்கத்தில் குனிந்து, ஃபோகஸ் வளையத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகித் திருகிப் பார்க்கிறார்கள். எறும்பு தெளிவாகவே மாட்டேன் என்கிறது. லென்ஸ் கோளாறு என்று முடிவுகட்டிப் பைக்குள் வைத்துவிடுகிறார்கள். லென்ஸில் ஒரு கோளாறும் இருக்காது. அதைப் பயன்படுத்தும் முறைதான் வேறு.

இங்கே நான் மனத்தில் வைத்திருப்பது நிக்கானின் மைக்ரோ நிக்கோர் 55 மி.மீ. எஃப்/3.5. இதன் முன்னோடி 1956-இல் ஆவணங்களை மைக்ரோஃபிலிமில் பதிவதற்காக வந்தது. எஸ்எல்ஆர் கேமராவுக்கான வடிவம் 1961-இல் வந்தது. தாளில் உள்ள நுண்ணிய எழுத்தை ஓரம்வரை பிசிறில்லாமல் பிடிக்கப் பிறந்த குடும்பம் என்பதால் இன்றைய சென்சாரிலும் கூர்மை குறைவதில்லை. டாம்ரான் 90 மி.மீ. எஃப்/2.5, ஒலிம்பஸ் 50 மி.மீ. எஃப்/3.5 போன்றவற்றுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

வாங்கும்போது ஒரு டார்ச் எடுத்துப்போங்கள். இரு மூடிகளையும் கழற்றி, அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து சாய்வாக ஒளி பாய்ச்சிப் பாருங்கள். உள்ளே நாலைந்து தூசி கிடந்தால் கவலையில்லை. சிலந்தி நூல்போல் கிளை விட்டிருந்தால் ஃபங்கஸ். முழுக் கண்ணாடியும் பால் படிந்ததுபோல் மங்கியிருந்தால் ஹேஸ். இவற்றில் எது இருந்தாலும், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். பிறகு அபெர்ச்சர் தகடுகளைப் பாருங்கள். எண்ணெய் பளபளப்பு தெரிந்தாலோ, பின்னாலுள்ள நெம்பைத் தள்ளிவிட்டதும் தகடுகள் சட்டென்று மூடாமல் சோம்பலாக நகர்ந்தாலோ சர்வீஸ் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். இதே வரிசையில் பின்னால் வந்த எஃப்/2.8 லென்ஸில் இந்த எண்ணெய்க் கசிவு அடிக்கடி காணப்படும்.

மாட்டுவது சுலபம். மிரர்லெஸ் கேமராவுக்கு மின்தொடர்பு இல்லாத சாதாரண அடாப்டர் போதும். கேமரா மெனுவில் ‘லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்’ என்பதை அனுமதியுங்கள். உடலுக்குள் நடுக்கத்தடுப்பு இருந்தால் குவியத்தூரம் 55 என்று நீங்களே பதிந்துவிடுங்கள். டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு ஒரே எச்சரிக்கை: 1977-க்கு முன் வந்த, பின்னர் மாற்றியமைக்கப்படாத நிக்கோர் லென்ஸைப் பல நிக்கான் உடல்களில் திருகினால் மவுண்ட் ஓரத்துச் சிறு நெம்பு உடைந்துபோகும். உங்கள் மாடலுக்கு ஒத்துவருமா என்று உறுதி செய்துகொண்டு மாட்டுங்கள்.

இப்போது ஃபோகஸ்.

இந்த லென்ஸ் தனியாகப் பொருளின் பாதி அளவுவரை, அதாவது 1:2 வரை பிடிக்கும். 27.5 மி.மீ. எக்ஸ்டென்ஷன் ட்யூப் சேர்த்தால் 1:1 கிடைக்கும். அப்போது லென்ஸ் முனைக்கும் பொருளுக்கும் நடுவே சில விரற்கடைதான் இடைவெளி. வளையத்தைத் திருகும்போது கண்ணாடித் தொகுதி முழுவதும் முன்னே போகிறது. தொலைவில் உள்ள பொருளுக்கு அது ஃபோகஸை மாற்றுகிறது. 1:1-ஐ நெருங்கிவிட்டால் கதை மாறிவிடுகிறது. சென்சாரிலிருந்து பொருள்வரையான தூரம் அங்கே தன் குறைந்தபட்ச அளவைத் தொடுகிறது. அது ஏறத்தாழ குவியத்தூரத்தின் நான்கு மடங்கு. இந்த இடத்தில் லென்ஸை ஐந்தரை மி.மீ. முன்தள்ளினாலும் ஃபோகஸ் விழும் தளம் அரை மி.மீ.க்குச் சற்று அதிகமாகத்தான் நகரும். படத்தின் அளவு மட்டும் பத்தில் ஒரு பங்கு மாறிவிடும். எறும்பு பெரிதாகிறது, சிறிதாகிறது, தெளிவாவதில்லை. திருகித் திருகி அலுத்துப்போவது இதனால்தான்.

எனவே வளையம் அளவுக்கு, உடம்பு ஃபோகஸுக்கு. படம் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து வளையத்தை அங்கே நிறுத்துங்கள். பிறகு அதைத் தொடவே கூடாது. முழங்கைகளை முழங்காலிலோ தரையிலோ ஊன்றிக்கொண்டு, மூச்சை விட்டபடி மெல்ல முன்னே சாயுங்கள். பூச்சியின் கண் தெளியும் கணத்தில் அழுத்துங்கள். தெளிந்த பிறகு அழுத்தலாம் என்று காத்திருந்தால் தாண்டிப் போயிருப்பீர்கள். தெளியத் தொடங்கும்போதே விரல் அசைய வேண்டும். தொடர் படங்களாக மூன்று நான்கு எடுத்துவிடுங்கள்.

இதைவிட நல்ல குறுக்குவழி ஒன்று உண்டு. பூச்சி உட்கார்ந்திருக்கும் தண்டை இடது கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெதுவாகப் பிடித்துக்கொண்டு, அதே கையின் மேல் லென்ஸ் முனையைச் சாய்த்துக்கொள்ளுங்கள். செடியும் கேமராவும் சேர்ந்தே ஆடும், அதனால் காற்றடித்தாலும் இரண்டுக்கும் இடையிலான தூரம் மாறாது. விரலைச் சற்றே உருட்டினால் ஃபோகஸ் வரும். விடியற்காலையில், பூச்சிகள் சுறுசுறுப்படையும் முன், இந்த முறைக்கு நிகரில்லை. காற்றில் ஆடும் செடிக்கு டிரைபாட் கொண்டுபோவதை விட்டுவிடுங்கள், அது வெறும் சுமை.

நாணயம், தபால்தலை, பழைய கடிதம் என்றால் டிரைபாட் கட்டாயம். பொருள் இருக்கும் இடத்தில் ஒரு சிறு கண்ணாடியை மட்டமாக வையுங்கள். வியூஃபைண்டரில் லென்ஸின் பிம்பம் சரியாக நடுவில் தெரியும்வரை கேமராவைச் சரிசெய்யுங்கள். கேமராவும் தாளும் இணையாகிவிட்டன என்று பொருள். இதற்கு மட்டக்கோல் எதுவும் தேவையில்லை.

அபெர்ச்சர் எஃப்/8. நான் இதை மாற்றுவதே இல்லை. முழுச்சட்டக சென்சாரில் 1:1-இல் எஃப்/8 வைத்தால் தெளிவாக வரும் ஆழம் ஏறக்குறைய ஒரு மி.மீ.தான். போதவில்லையே என்று எஃப்/22 வரை மூடுகிறார்கள். நெருக்கத்தில் அபெர்ச்சர் எண் இரட்டிப்பாகச் செயல்படுகிறது: 1:1-இல் எஃப்/8 என்பது உண்மையில் எஃப்/16, எஃப்/22 என்பது எஃப்/44. ஒளி விளிம்பில் சிதறிப் படம் முழுவதும் மழுங்கிவிடும். சென்சாருக்கு வரும் ஒளியும் கால்பங்காகக் குறைகிறது. கேமராவின் மீட்டர் அதைத் தானே கணக்கில் எடுத்துக்கொள்ளும். கையால் அமைக்கும் ஃப்ளாஷ் எடுத்துக்கொள்ளாது, இரண்டு ஸ்டாப் கூட்டி வையுங்கள். ஃப்ளாஷ் முன்னே ஒரு வெள்ளைத் தாளாவது கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் வண்டின் முதுகு வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடும்.

பராமரிப்புக்கு வருவோம். சென்னை, நாகப்பட்டினம் மாதிரியான கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் லென்ஸைத் துணி பீரோவுக்குள் வைப்பது ஃபங்கஸுக்கு விருந்து. லென்ஸோடு வந்த தோல் உறை எவ்வளவு அழகாக இருந்தாலும் தனியே எடுத்து வையுங்கள், அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். ட்ரை கேபினட் வாங்க வசதியில்லை என்றால், ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகா டப்பா, ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல், ஒரு சிறிய ஈரப்பத மானி போதும். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். ஜெல் நிறம் மாறினால் சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து, ஆறவைத்துத் திரும்பப் போடுங்கள். அரிசியைப் போடாதீர்கள், அதில் இருக்கும் மாவுத்தூசி லென்ஸுக்குள் போகும்.

ஏசி அறையிலிருந்து வெளியே போகும்போது லென்ஸ் பைக்குள்ளேயே அரை மணி நேரம் இருக்கட்டும். உடனே எடுத்தால் கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்ளும்.

துடைக்கும்போது முதலில் ப்ளோயர், பிறகு மென்மையான பிரஷ், கடைசியாகத்தான் லென்ஸ் திரவம். திரவத்தைத் தாளில் விட வேண்டும், கண்ணாடியில் விடக் கூடாது. இந்த நிக்கோரில் முன்கண்ணாடி குழிக்குள் ஆழமாக இருப்பதால் தாளைச் சுருட்டி நுனியால் துடையுங்கள். ஜன்னல் துடைக்கும் திரவம் பக்கத்திலேயே வரக் கூடாது. வாயால் ஊதவும் கூடாது.

உள்ளே ஃபங்கஸ் வந்துவிட்டால் நீங்களே திறக்காதீர்கள். ஜப்பானிய லென்ஸ்களின் திருகுகளுக்கு ஜேஐஎஸ் வகைத் திருப்புளி வேண்டும், கடையில் கிடைக்கும் சாதாரண நட்சத்திரத் திருப்புளி திருகுத்தலையைத் தின்றுவிடும். மொட்டை மாடி வெயிலில் நாள் முழுக்க வைப்பதும் தீர்வாகாது. படர்ந்தது உள்ளேயே இருக்கும், வளையத்துக்குள் உள்ள கிரீஸ்தான் இளகித் தகடுகளில் இறங்கும். பழைய லென்ஸ் பிரித்துப் பழகிய மெக்கானிக்கிடம் அந்த வாரமே கொடுங்கள். ஃபங்கஸ் மேற்பூச்சை அரித்த பிறகு எவ்வளவு துடைத்தாலும் தடம் போகாது.