ஸ்ரூடிபேக்கர்: ஒரு வண்டிப் பட்டறையின் உயர்வும் வீழ்வும்

மோட்டார்க் கார்த் தொழிலின் வரலாற்றைக் கற்கப் புகுவோர் பெரும்பாலும் ஹென்றி போட்டில் தொடங்கி ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனியில் முடித்துவிடுவர். இவ்விரண்டு பெருநிறுவனங்களுக்கும் ஈடுகொடுக்க மாட்டாது மறைந்த கம்பனிகள் பல. அவற்றுள் ஸ்ரூடிபேக்கர் தனித்து நோக்கத்தக்கது. குதிரை வண்டி செய்த காலத்திலேயே பெரும்பெயர் பெற்று, குதிரை வண்டி வழக்கொழிந்த பின்னரும் பிழைத்து, காரிலும் புகழ் நாட்டிய அமெரிக்க நிறுவனங்கள் மிகச் சிலவே. அவற்றுள் தலையாயது இது. 1852 முதல் 1966 வரை 114 ஆண்டுகள் சில்லுகளின் மேல் ஓடுவனவற்றைச் செய்து விற்றது. நல்ல கார் செய்யத் தெரியாமையாலேயே அது வீழ்ந்தது என்று கூறுவோர் உளர். அக்கூற்றுப் பொருந்தாது. அதன் கடைசிக் காலத்துக் கார்களுட் சில அக்காலத்து அமெரிக்கக் கார்களுள்ளே மிக அழகியவை. வீழ்ச்சியின் காரணத்தைக் கணக்குப் புத்தகத்திலேதான் தேடவேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், செயின்ற் ஜோசப் ஆற்றங்கரையில் உள்ளது சவுத் பெண்ட் என்னும் நகர். அங்கே 1852ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஹென்றி, கிளெமென்ற் என்னும் சகோதரர் இருவர் ஒரு கொல்லுலை அமைத்தனர். கையிலிருந்த முதல் 68 டொலர். தந்தையாரும் வண்டி செய்த கொல்லரே. தம்பியருள் ஒருவரான ஜோன் மோலர் கலிபோர்னியாவிற் பொன் கிடைக்கிறதென்று கேள்விப்பட்டு 1853இல் அங்கே சென்றார். சென்றவர் பொன்னைத் தோண்டவில்லை. தோண்டுவோருக்கு வேண்டிய ஒற்றைச் சில்லுக் கைவண்டிகளைச் செய்து விற்றார். 1858இல் ஊர் மீண்டபோது அவர் கொணர்ந்த தொகை 8,000 டொலர். அதனை வீட்டுக்கோ நிலத்துக்கோ செலவிடாது அண்ணன்மாரின் பட்டறையில் இட்டார். ஈட்டிய பொருள் மீண்டும் உலைக்கே சென்ற இவ்வழக்கத்தை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். கம்பனியின் பிற்கால வரலாறு இதனின்று விலகிய வரலாறே.

உள்நாட்டுப் போரின்போது வடபகுதிப் படைக்கு வண்டிகள் வேண்டியிருந்தன. மேற்கு நோக்கிக் குடிபெயர்ந்தோருக்கும் வேண்டியிருந்தன. 1868இல் கம்பனி சட்டப்படி பதிவாயிற்று. 1874இல் எழுந்த பெருந்தீயில் தொழிற்சாலையின் பெரும்பகுதி வெந்தது. சகோதரர்கள் மீளக் கட்டினர். (ஆபிரகாம் லிங்கன் கொலையுண்ட இரவில் நாடகசாலைக்கு ஏறிச்சென்ற குதிரை வண்டி இன்று சவுத் பெண்டில் உள்ள ஸ்ரூடிபேக்கர் நூதனசாலையில் இருக்கிறது. அதனை இவர்கள் செய்யவில்லை. பின்னர் விலைகொடுத்து வாங்கினர்.)

காரினுள் இவர்கள் புகுந்தது 1902இல். முதலில் செய்தவை மின்கலத்தால் ஓடுபவை. 1904இல் பெற்றோல் எஞ்சின் பூட்டிய கார் வந்தது. பின்னர் டெற்றோயிற் நகரின் கார்க் கம்பனி ஒன்றைத் தம்முடன் இணைத்து, 1911இல் ஸ்ரூடிபேக்கர் கோப்பரேசன் என்னும் புதுப்பெயர் பூண்டனர். 1920இல் குதிரை வண்டித் தொழிலை அடியோடு கைவிட்டனர்.

சகோதரர் காலம் கழிந்தபின் தலைமை ஏற்றவர் அல்பேட் ஏர்ஸ்கின். 1915 முதல் 1933 வரை அவர் ஆட்சி. திறமையாளர், நல்ல தொழிற்சாலைக் கட்டடங்களையும், 800 ஏக்கர்ப் பரப்பில் கார்களை ஓட்டிச் சோதிக்கும் திடல் ஒன்றையும் அமைத்தார். அத்திடலிற் பின்னாளில் 5,000 பைன் மரங்களைக் கம்பனியின் பெயரெழுத்துக்களாக நட்டனர். ஆகாய விமானத்திலிருந்து படிக்கலாம். ஏர்ஸ்கினிடம் இருந்த குறை பங்குதாரரை மகிழ்விக்கும் வேட்கை. 1929இன் பொருளாதார மந்தம் நாட்டைப் பற்றியது. அது விரைவில் தீரும் என்று நம்பி, 1930இல் ஈட்டிய இலாபத்தைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கைப் பங்கிலாபமாகப் பகிர்ந்தளித்தார். இல்லாத இலாபத்தைப் பகிர்வதாயின் அது முதலிலிருந்தே போதல் வேண்டும். அவ்வாறே போயிற்று. 1933 மார்ச் மாதத்திற் கம்பனி வங்குரோத்து நிலையடைந்து, நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர் கைக்கு மாறியது. அதே ஆண்டு யூலை முதலாந் திகதி ஏர்ஸ்கின் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

கம்பனியை மீட்டவர்கள் ஹரல்ட் வான்ஸ், போல் ஹொப்மன் என்னும் இருவர். ஒருவர் உற்பத்தியில் வல்லவர், மற்றவர் விற்பனையில் வல்லவர். 1935இற் கம்பனி மீண்டும் தன் காலில் நின்றது. 1939இல் வந்த சம்பியன் என்னும் கார் பாரம் குறைந்தது, பெற்றோலை மிச்சம் பிடிப்பது. மத்தியதர வகுப்பினர் விரும்பி வாங்கினர். இடையில் ஒரு சிறு செய்தி: 1927 முதல் இவர்கள் விற்ற ஒரு காரின் பெயர் ‘டிக்ரேற்றர்’, அஃதாவது சர்வாதிகாரி. ஐரோப்பாவிற் சர்வாதிகாரிகள் தலையெடுத்த பின் அப்பெயரைச் சொல்லி விற்பது எளிதாயிருக்கவில்லை; 1937உடன் அது மறைந்தது. இரண்டாம் உலகப்போரில் விமான எஞ்சின்களும் இராணுவ லொறிகளும் செய்தனர். ஆறு சில்லு லொறிகள் ஏறத்தாழ 2,00,000 வெளிவந்தன. அவற்றுட் பெரும்பகுதி சோவியத் படைக்குச் சென்றது. ‘கற்றியூசா’ எறிகணைகளை ஏவிய வண்டிகளுட் பல ஸ்ரூடிபேக்கர் லொறிகளே.

போர் முடிந்ததும் கம்பனிக்கு அதன் வாழ்நாளிற் கிடைத்த மிகச்சிறந்த வாய்ப்புக் கிட்டியது. நான்கு ஆண்டுகளாகக் கார் வாங்காத மக்கள் பணத்துடன் காத்திருந்தனர். ஏனைய கம்பனிகள் போருக்கு முந்திய கார்களையே பூசிமெழுகி விற்க, ஸ்ரூடிபேக்கர் 1947ஆம் ஆண்டு மாதிரியை முற்றும் புதியதாக வெளியிட்டது. றேமண்ட் லோவியின் கலைக்கூடமும் வேர்ஜில் எக்ஸ்னரும் உருக்கொடுத்த கார் அது. பின்கண்ணாடி முன்கண்ணாடியளவு அகன்று வளைந்திருந்தமையால், இது வருகிறதா போகிறதா என்று ஊரார் பரிகசித்தனர்; பரிகசித்துக்கொண்டே வாங்கினர். 1950ஆம் ஆண்டு மாதிரியில் 3,40,000க்கு மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டன. அதன்முன்னும் பின்னும் அவ்வளவு தொகையைக் கம்பனி கண்டதில்லை.

இப்பணம் எங்கே போயிற்று என்பதே வினா. பங்குதாரருக்குத் தாராளமான பங்கிலாபம் சென்றது. தொழிலாளருக்கு டெற்றோயிற் கூலியிலும் உயர்ந்த கூலி சென்றது. சவுத் பெண்டிலே தந்தையும் மகனும் பேரனும் ஒரே தொழிற்சாலையில் உழைத்த குடும்பங்கள் பல. அவர்களுடன் பிணங்குவதிலும் இணங்குவதே நன்றெனக் கம்பனி கருதியது. விற்பனை பெருகும் நாளில் ஒருநாள் வேலைநிறுத்தமும் பெருநட்டம் என்னும் அச்சமும் அதற்குண்டு. இவ்விரண்டையும் தனித்தனி நோக்கினாற் குறைகூற இயலாது. ஆனால் இரண்டுக்கும் கொடுத்தபின் இயந்திரத்துக்குக் கொடுக்கப் போதிய பொருள் எஞ்சவில்லை. தொழிற்சாலையோ பல மாடிகள் கொண்ட பழைய கட்டடங்களின் கூட்டம். உறுப்புகளை மாடிக்கு மாடி ஏற்றி இறக்கவேண்டியிருந்தது. எதிரிகளோ ஒரே தளத்தில் நீண்டு கிடக்கும் புதிய தொழிற்சாலைகளைக் கட்டிக்கொண்டிருந்தனர். 1948இல் ஹொப்மன் மார்ஷல் திட்டத்தை நடத்தும் பொறுப்பை ஏற்றுச் சென்றார். ஐரோப்பாவின் தொழிற்சாலைகள் அமெரிக்கப் பணத்தாற் புதுப்பிக்கப்படுவதை மேற்பார்வை செய்தவர், தம் பழைய கம்பனியின் தொழிற்சாலை அவ்வாறு புதுப்பிக்கப்படாதிருந்ததை எண்ணியிருப்பாரோ, யாம் அறியோம்.

1952இற் கம்பனி நூற்றாண்டு விழாக் கொண்டாடியது. விழா ஆண்டுக்கென எதிர்பார்க்கப்பட்ட புதிய கார் அவ்வாண்டில் வரவில்லை. அடுத்த ஆண்டே வந்தது. வந்த கார் கண்ணைப் பறிப்பது. லோவியின் கூடத்தைச் சேர்ந்த றொபேட் போர்க் வரைந்த தாழ்ந்த, நீண்ட இரு கதவுக் கூப்பே அது. எனினும் இரண்டு தவறுகள் நேர்ந்தன. மக்கள் நான்கு கதவுச் செடானையே கூடுதலாகக் கேட்பர் என்று கணித்து அதனையே அதிகமாகச் செய்யத் திட்டமிட்டனர். மக்களோ கூப்பேயைக் கேட்டனர். அத்துடன், எஞ்சினின் பாரத்தாற் கீழ்ச்சட்டம் வளைய, முன்புறத் தகடுகள் பொருந்தாது போயின. கேட்டவருக்குக் கார் கொடுக்கமுடியாமற் பல மாதங்கள் கழிந்தன. அவ்வேளையிலேதான் போட், செவர்லே ஆகிய இரண்டும் ஒன்றையொன்று வெல்வதற்காக விலைகுறைக்கும் போரைத் தொடங்கின. யானைகள் பொருதுமிடத்திற் சிறுசெடிகளின் கதி யாவரும் அறிந்ததே.

வர்த்தகம் பயிலும் மாணவர்கள் ஈண்டு ஒரு கணக்கைச் செய்து பார்க்கலாம். காரின் உடற்றகடுகளை அழுத்தும் அச்சுக்களுக்கு 60,00,000 டொலர் செலவாகிறது என்று ஓர் உதாரணத்துக்காகக் கொள்வோம். 3,00,000 கார் செய்பவனுக்கு ஒரு காரின்மேல் ஏறும் சுமை 20 டொலர். 30,000 கார் செய்பவனுக்கு அதே சுமை 200 டொலர். செய்யும் தொகை குறையக் குறைய ஒவ்வொரு காரின் அடக்கவிலையும் ஏறும்; விலை ஏற ஏற வாங்குவோர் குறைவர். 1953இன் கொமாண்டர் கூப்பே 2,502 டொலருக்கு விற்கப்பட்டது. அதே காரை ஜெனரல் மோட்டோர்ஸின் செலவுக் கணக்கிற் செய்திருந்தால் ஏறத்தாழ 1,900 டொலருக்கு விற்றிருக்கலாம் என்று போர்க் கணித்தார்.

1954 ஒக்டோபரிற் பக்காட் கம்பனி ஸ்ரூடிபேக்கரை வாங்கியது. பக்காட் செல்வர்கள் ஏறும் கார். டெற்றோயிற் நகரின் பழம்பெருங் குடி எனலாம். இரண்டு கம்பனிகளும் இணைந்தால் ஒரு பெருங்கம்பனி ஆகும் என்பது அதன் தலைவர் ஜேம்ஸ் நான்ஸின் எண்ணம். கணக்குகளை முற்ற ஆராய்ந்தது வாங்கிய பின்னரே. ஆராய்ந்தபோது, நட்டமின்றி நடப்பதற்கே ஸ்ரூடிபேக்கர் ஆண்டுக்கு 2,82,000 கார் விற்கவேண்டும் என்று தெரியவந்தது. 1954இல் விற்றதோ ஓர் இலட்சத்தையும் எட்டவில்லை. நீந்தத் தெரியாதவனைக் காப்பாற்றக் குதித்தவன் கதையாயிற்று. 1956இற் பக்காட்டின் டெற்றோயிற் தொழிற்சாலை மூடப்பட்டது; 1958உடன் பக்காட் என்னும் பெயரும் ஒழிந்தது. காப்பாற்ற வந்தது முந்தி இறந்தது.

1959இல் வந்த லார்க் என்னும் சிறிய கார் சிறிது காலம் உயிரூட்டியது. வானம்பாடியின் பெயர் கொண்ட அக்காரால் அவ்வாண்டு நல்ல இலாபம் வந்தது. அடுத்த ஆண்டிலேயே மூன்று பெருங்கம்பனிகளும் தத்தம் சிறிய கார்களைக் கொணர்ந்தன. இயக்குநர் சபையோ வந்த பொருளை வேறு தொழில்களை வாங்குவதிற் செலுத்தியது. 1961இல் தலைமையேற்ற ஷேர்வூட் எக்பேட் மட்டும் காரை விட மனமில்லாதவர். அவர் கேட்க, லோவி சில வாரங்களில் ‘அவான்ரி’ என்னும் காரை உருவாக்கிக் கொடுத்தார். கண்ணாடி நாரால் ஆன அதன் உடல் உரிய காலத்திற் செய்துமுடியாது தாமதித்தமையால் 5,000 கார்கூட விற்கவில்லை. எக்பேட் புற்றுநோயால் நலிந்து விலகினார். 1963 டிசெம்பர் 9ஆந் திகதி, சவுத் பெண்ட் தொழிற்சாலை மூடப்படும் என்று கம்பனி அறிவித்தது. 20ஆந் திகதி, நத்தாருக்கு ஐந்து நாள் முன், அங்கே கடைசிக் கார் வெளிவந்தது.

வேலை இழந்தோர் ஏறத்தாழ 7,000 பேர். அவர்கள் இழந்தது வேலை மட்டுமன்று. தொழிற்சங்கத்துடன் செய்த உடன்படிக்கையின்படி 1950 முதல் இளைப்பாற்றுச் சம்பளத் திட்டம் ஒன்று இருந்தது. திட்டம் தொடங்குமுன் உழைத்த ஆண்டுகளும் கணக்கிற் சேர்க்கப்பட்டமையால், முதல் நாளிலேயே நிதியத்தின் கடன் பெரிது, கையிருப்போ இல்லை. அக்கடனை நீண்ட ஆண்டுகளிற் சிறிது சிறிதாக நிரப்பலாம் என்பது ஏற்பாடு. கூலியை உயர்த்த இயலாத ஆண்டுகளில் இளைப்பாற்றுச் சம்பளத்தை உயர்த்துவதாக வாக்களிப்பது இரு சாராருக்கும் எளிதாயிருந்தது. வாக்குக்கு உடனே பணம் வேண்டியதில்லையல்லவா? இவ்வாறு வாக்கு வளர்ந்தது. நிதியம் அதற்கேற்ப வளரவில்லை.

கம்பனி மூடியபின் இருந்ததைப் பகிர்ந்தனர். 60 வயது கடந்த ஏறத்தாழ 3,600 பேருக்கு முழுத்தொகை. 40 முதல் 59 வயது வரையுள்ள ஏறத்தாழ 4,000 பேருக்கு, அவர்கள் ஈட்டிய உரிமையின் பெறுமதியில் நூற்றுக்கு 15 வீதம். அவர்களின் சராசரி வயது 52. சராசரிச் சேவைக்காலம் 22 ஆண்டுக்கு மேல். ஏனைய இளையோருக்கு ஒன்றுமில்லை. ஐம்பத்தொன்பது வயதினருக்கும் அறுபது வயதினருக்கும் இடையே ஒரு பிறந்தநாள் இத்துணை வேற்றுமை செய்தது. இதிற் சட்டமீறல் எதுவும் நிகழவில்லை; அந்நாட்சட்டம் அவ்வளவே வேண்டியது. ஏர்ஸ்கின் பங்குதாரருக்கு இல்லாத இலாபத்தைக் கொடுத்தார். பின்வந்தோர் தொழிலாளருக்கு இல்லாத நிதியிலிருந்து வாக்குக் கொடுத்தனர். முன்னதன் நட்டத்தைக் கம்பனி சுமந்தது. பின்னதைச் சுமந்தவர் ஐம்பது வயதில் வேறு வேலை தேடியலைந்த கொல்லரும் தச்சரும் பொருத்துநருமே.

சவுத் பெண்டிற் கண்டது வேறிடங்களிலும் நிகழலாம் என்பதைத் தொழிற்சங்கமும் சட்டசபையினரும் உணர்ந்தனர். பத்து ஆண்டு விவாதத்தின் பின் 1974இல் இளைப்பாற்றுச் சம்பளங்களைக் காக்கும் சட்டம் நிறைவேறியது. நிதியத்திற் குறைந்தபட்சம் இருக்கவேண்டிய தொகையை அது விதித்தது. கம்பனி வீழ்ந்தாலும் தொழிலாளருக்கு ஓரளவு கிடைக்கும்படி ஒரு காப்புறுதி நிறுவனத்தையும் ஏற்படுத்தியது. அதிற் கையொப்பமிட்ட ஜனாதிபதியின் பெயர் போட். கார் செய்த போட் குடும்பத்துக்கும் அவருக்கும் உறவில்லை. சட்டம் முன்னோக்கியே செல்லும். 1964இல் இழந்தவர்களுக்கு அது ஒன்றையும் மீட்டுக்கொடுக்கவில்லை.

சவுத் பெண்ட் மூடியபின் கனடாவின் ஹமில்ரன் நகரிற் கார் செய்யும் வேலை தொடர்ந்தது. எஞ்சின்கூடத் தமதன்று, ஜெனரல் மோட்டோர்ஸின் கனடாக் கிளையிடம் வாங்கிப் பூட்டினர். 1966 மார்ச்சில் அதுவும் நின்றது. அங்கே கடைசியாகச் செய்யப்பட்ட நீலப்பச்சை நிறக் கார் இப்போது சவுத் பெண்ட் நூதனசாலையில், லிங்கன் ஏறிச்சென்ற வண்டி உள்ள அதே கட்டடத்தில், நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.