பழைய ஜெட் ஸ்கியை ஏரியில் இறக்குமுன்: ஒன்ராறியோவுக்கான வசந்தகால ஆலோசனை

மே மாதம் விக்டோரியா நாள் வார இறுதியோடு ஒன்ராறியோ ஏரிகளில் படகுப் பருவம் தொடங்குகிறது. பழைய ஜெட் ஸ்கிகள் அதிகம் கைமாறுவதும் இந்த வாரங்களில்தான். அப்போது காற்றில் வெதுவெதுப்பு இருந்தாலும் ஏரி நீர் கடுங்குளிராகவே இருக்கும். ஆகவே புதிதாகத் தொடங்குவோர் மே மாதத்தைச் சோதனைக்கும் பத்திர வேலைக்கும் ஒதுக்கிவிட்டு, நீர் சூடேறிய பிறகு ஏரியில் இறங்குவதே முறை.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

பழைய எஞ்சினுக்கு முதல் ஆபத்து கடந்துபோன குளிர்காலம். இலையுதிர் காலத்தில் குளிரூட்டும் பாதையில் தேங்கிய நீரை வெளியேற்றாமல் விட்டிருந்தால், அது உறைந்து விரிந்து எஞ்சின் உலோகத்தையே பிளந்துவிடும். குளிர்காலத்துக்கு முன் என்ன பராமரிப்பு செய்யப்பட்டது என்று விற்பவரிடம் கேட்டு, ரசீது இருந்தால் வாங்கிப் பார்க்க வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் எண்ணெய் அளவுக்கம்பியை உருவிப் பார்க்கலாம். எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது என்று பொருள். அந்த வண்டியை வாங்காமல் விடுவதே நல்லது. ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் மெக்கானிக்கைக் கொண்டு அளக்க வேண்டும். சிலிண்டர்களுக்கிடையே பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் செலவு காத்திருக்கிறது.

அடுத்தது பம்ப். எஞ்சினை அணைத்துவிட்டு, அடிப்பக்கக் கம்பித் தடுப்பின் வழியே டார்ச் அடித்தால் சுழல்விசிறி தெரியும். அதன் இதழ் ஓரங்கள் நசுங்கியிருக்கிறதா, அதைச் சுற்றியுள்ள வளையத்தில் ஆழமான கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மணலும் கல்லும் தேய்த்து இதழுக்கும் வளையத்துக்கும் உள்ள இடைவெளி அகன்றுவிட்டால், எஞ்சின் உறுமுமே தவிர வண்டி வேகமெடுக்காது.

தோட்டக் குழாயை இணைத்துச் சோதிக்கும்போது வரிசை மாறக்கூடாது. எஞ்சினை இயக்கிய பிறகே நீரைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது நீரை மூடிய பிறகே எஞ்சினை அணைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் புகைபோக்கி வழியாக நீர் பின்னேறி சிலிண்டருக்குள் புகுந்துவிடும். எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்பதற்கு அந்த மாடலின் கையேடே அளவு.

பத்திரங்கள்

கனடாவில் 16 வயதுக்குட்பட்டோர் ஜெட் ஸ்கி ஓட்டக்கூடாது. ஓட்டுபவர் தேர்வெழுதிப் பெற்ற படகோட்டுநர் அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். 10 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள எஞ்சின் என்பதால் படகு உரிமமும் தேவை. அதன் எண்ணை இருபுறமும் குறைந்தது 7.5 சென்டிமீட்டர் உயர எழுத்தில் ஒட்ட வேண்டும். வண்டியின் பின்புறம் உள்ள எழுத்துகளும் எண்களுமாக 12 குறிகள் கொண்ட அடையாள எண், விற்பவரின் பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பணம் கொடுக்குமுன் சரிபார்க்க வேண்டும்.

முதல் நாள் நீரில்

குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காது. ஏறத்தாழ பத்து நிமிடத்தில் கைகால் வலுவிழக்கும். நீச்சல் தெரிந்தவருக்கும் இதே கதிதான். ஆகவே உயிர்காப்பு அங்கியை உடலோடு இறுக்கிக் கட்டி, வெட்சூட் அணிந்தே ஏற வேண்டும். விசிலும் நீர்புகாத டார்ச்சும் கூடவே இருக்க வேண்டும்.

எஞ்சினை முடுக்குமுன் இருக்கையைக் கழற்றிச் சிறிது நேரம் காற்றோட விட்டால், உள்ளே தேங்கிய பெட்ரோல் ஆவி வெளியேறும். அவசர நிறுத்தக் கயிற்றை அங்கியிலோ மணிக்கட்டிலோ மாட்டிக்கொள்ள வேண்டும். ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சின் தானாக நிற்கும். மணல் உள்ளே இழுபடாமலிருக்க, இடுப்பளவு ஆழம் வந்த பிறகே எஞ்சினை இயக்க வேண்டும்.

புதியவர்களை விபத்தில் சிக்கவைக்கும் தவறு ஒன்று உண்டு: எதிரே ஏதாவது வந்ததும் கை தன்னால் வேகவிசையை விட்டுவிடுகிறது. ஜெட் ஸ்கி திரும்புவது பின்னால் பீய்ச்சும் நீரின் உந்துதலால். விசையை விட்டால் அந்த நீர் நிற்கும். கைப்பிடியை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேரே போய் மோதும். பல பழைய மாடல்களில் பிரேக்கும் கிடையாது. ஆள் இல்லாத திறந்த நீரில் மெதுவான வேகத்தில், விசையை லேசாகப் பிடித்தபடியே விலகிச் செல்லப் பழக வேண்டும். கவிழ்ந்தால் எந்தப் பக்கம் நிமிர்த்துவது என்பதைப் பின்புற ஸ்டிக்கர் காட்டும். எதிர்ப்பக்கம் புரட்டினால் எஞ்சினுக்குள் நீர் போகும். பின்பக்கமாக மீண்டும் ஏறுவதையும் கரையோரத்திலேயே பழகிவிட வேண்டும். கரையிலிருந்து 30 மீட்டருக்குள் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது.

கரையேறிய பின்

வேறொரு ஏரிக்குக் கொண்டுபோகுமுன் வண்டியிலும் ட்ரெய்லரிலும் ஒட்டிய செடி கொடிகளை அகற்றி, வடிகால் அடைப்பான்களைத் திறந்து நீரை வடிக்க வேண்டும். வரிக்குதிரைச் சிப்பி போன்ற அந்நிய உயிரினங்கள் பரவாமலிருக்க ஒன்ராறியோவில் இது 2022 முதல் சட்டம்.