பள்ளிக்கூட விதியும் கைப்பேசியும்: பிள்ளைகளோடு பேசும் முறை

பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரலாகாது, அல்லது கொண்டுவரினும் வகுப்பில் எடுக்கலாகாது என்னும் விதி இன்று நம் நாட்டில் பல பள்ளிகளில் உள்ளது. விதி அச்சிட்ட தாளில் பெற்றோர் கையொப்பமிடுகின்றனர். பிள்ளையோ அதனைக் கண்டதேயில்லை. கைப்பேசி பறிக்கப்பட்ட அன்றைக்குத்தான் வீட்டில் பேச்சுத் தொடங்குகின்றது. அதனைப் பேச்சு என்பதைவிட ஏச்சு என்பதே பொருந்தும். முன்னதாகவே பேசும் முறை யாது என்பதை இப்பாடத்தில் நோக்குவோம்.

பேசப் புகுமுன் பெற்றோர் சில செய்திகளை அறிதல் வேண்டும். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2009ஆம் ஆண்டிலேயே, தன்னைச் சார்ந்த பள்ளிகளில் கைப்பேசிப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துமாறு சுற்றறிக்கை விடுத்தது. 2020இல் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, வாயிலில் நிறுத்தப்பட்ட அக்கருவியே வகுப்பறை ஆயிற்று. பள்ளிகள் திறந்தபின் பழைய விதியும் திரும்பி வந்தது. "அன்று படிப்பதற்கு இதைத்தானே கொடுத்தீர்கள், இன்று ஏன் கூடாது?" என்று பிள்ளை வினவுமாயின், அதனை எதிர்த்துப் பேசுதல் என்று தள்ளிவிடலாகாது. அது விடையிறுக்கத்தக்க வினா.

விடையும் உண்டு. யுனெஸ்கோ நிறுவனம் 2023இல் வெளியிட்ட கல்வி அறிக்கை, ஒருமுறை கவனம் சிதறிய மாணவர் மீண்டும் பாடத்தில் ஊன்றுவதற்கு 20 நிமிடம் வரை ஆகக்கூடும் என்று எடுத்துக்காட்டியது. ஒரு வகுப்பு 40 நிமிடம் எனக் கொள்வோம். "ஒரே ஒரு செய்தியைத்தான் பார்த்தேன்" என்னும் பிள்ளையிடம் தாளும் எழுதுகோலும் தந்து, மீதி எவ்வளவு என்று அவனையே கணக்கிடச் சொல்லலாம். நாம் சொல்லும் பத்து அறிவுரையைவிட அவன் போட்ட கணக்கு அவன் மனத்தில் நிற்கும்.

2025ஆம் ஆண்டில் தில்லி உயர்நீதிமன்றம் இப்பொருள் பற்றி வழங்கிய தீர்ப்பு பெற்றோர் அனைவரும் அறியத்தக்கது. முற்றிலும் தடை செய்தல் விரும்பத்தக்கதுமன்று, நடைமுறைக்கு ஏற்றதுமன்று என்று நீதிமன்றம் கருதியது. கைப்பேசியைக் காலையில் ஒப்படைத்து மாலையில் பெற்றுச் செல்ல இயன்றவரை வசதி வேண்டும். வகுப்பறையில் பயன்பாடு கூடாது. பள்ளிக்குள் படம் எடுத்தலும் ஒலிப்பதிவு செய்தலும் கூடாது. விதியை வகுக்கும்போது பெற்றோரையும் ஆசிரியரையும் கலந்துகொள்ளல் வேண்டும். மீறினால் வரும் விளைவு வெளிப்படையாகவும், எல்லார்க்கும் ஒன்றாகவும், மிகையான கடுமையின்றியும் இருத்தல் வேண்டும் என்பன அதன் வழிகாட்டு நெறிகளுட் சில.

"எல்லார்க்கும் ஒன்றாக" என்னும் சொற்களை நாம் சற்று நின்று எண்ணுதல் தகும். நம் இல்லங்கள் பலவற்றில் கைப்பேசி ஒன்றே. தந்தைக்கு வேலை சொல்லும் அழைப்பும், வங்கியின் கடவு எண்ணும், தம்பியின் பாடமும் அதிலேதான் வருகின்றன. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையிடம் ஒரு வாரம் பறித்து வைத்தால் அவனுக்கு விளையாட்டுக் குறையும். நம் பிள்ளையிடம் பறித்தால் வீட்டிற்கு ஒரு வாரக் கூலியும் குறையக்கூடும். இதனைப் பிள்ளைக்கு அச்சுறுத்தலாகக் கூறாமல், வீட்டுக் கணக்காக விளக்குதல் வேண்டும். பள்ளிக்கும் எழுத்து வடிவில் தெரிவிக்கலாம்.

பெண்பிள்ளையின் நிலை வேறு. கிராமப்புறத்தில் 14 முதல் 16 வயது வரையுள்ளோரைப் பற்றிய 2024ஆம் ஆண்டின் 'அசர்' ஆய்வு, தமக்கெனக் கைப்பேசி உடையோருள் சிறுமியர் சிறுவரினும் குறைவு என்று காட்டியது. தொலைவிலுள்ள பள்ளிக்குச் செல்லும் மகள், "பேருந்து வாராவிடில் யான் என்ன செய்வது, அப்பா?" என்று கேட்கும்போது, "விதி விதிதான்" என்பது விடையாகாது. பள்ளியின் தொலைபேசி எண்ணை அவள் குறிப்பேட்டில் எழுதித் தருக. அலுவலகத்தில் ஒப்படைத்துப் பெற வழியுண்டா என்று தலைமையாசிரியரிடம் கேட்டறிக. அண்ணனுக்குக் கொடுத்துத் தங்கைக்கு மறுப்பதற்குப் பள்ளி விதியைக் காரணமாகக் காட்டும் பெற்றோரும் உளர். பிள்ளைகள் அதனை விரைவில் கண்டுகொள்வர்.

கைப்பேசியினும் பெரிய இடர் ஒன்றுண்டு, அது பொய். பைக்குள் மறைத்து வைத்துவிட்டு இல்லையென்று கூறும் பழக்கம், கடுந்தண்டனை உள்ள இடத்தில் எளிதில் வளரும். பகவான் புத்தர் இளைய இராகுலருக்கு உண்மையுடைமையைக் கற்பித்தபோது வைது கற்பிக்கவில்லை. பாத்திரத்தில் எஞ்சிய நீரைக் காட்டி வினவினார். கண்ணாடி எதற்கு என்றும் வினவினார். மைந்தர் தம் வாயாலேயே விடை கூறினார். நாமும், "நீ ஆசிரியராயின் இதற்கு என்ன விதி செய்வாய்?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையுடன் காத்திருக்கலாம். பிள்ளைகள் வகுக்கும் விதி பலமுறை பள்ளி விதியினும் கடியதாக இருக்கும்!

படம் எடுத்தல் பற்றி மட்டும் தயக்கமின்றிக் கண்டிப்பாகவே கூறுதல் வேண்டும். பிறருடைய அந்தரங்க உறுப்புகளை அவர் இசைவின்றிப் படம்பிடித்தலும் பரப்புதலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

மற்றொன்றையும் பிள்ளை அறிந்திருத்தல் நலம். விதியை மீறியது தவறாயினும், அதற்காக அடித்தலும் மனத்தைப் புண்படுத்துதலும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவினால் விலக்கப்பட்டவை. கைப்பேசி பறிக்கப்பட்டால் அமைதியாகக் கொடுத்துவிட்டு, எப்போது, யாரிடம் திரும்பப் பெறுவது என்று மரியாதையுடன் கேட்கும்படி சொல்லி வைப்போம். அன்று மாலையே வீட்டில் உள்ளபடி கூறலாம், அடி விழாது என்ற உறுதியையும் முன்கூட்டியே அளித்து வைப்போம்.